செஞ்சிக் கோட்டையும் சைக்கிள் கழுத்தும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு எட்டு வருஷம் ஆச்சு. 1690ல ஜுல்ஃபிகர் கான் வந்து முற்றுகை போட்டார், 1698லதான் கோட்டை விழுந்தது. ஒரே அடியில விழாதது நாள்பட நாள்பட விழும். ராஜகிரியைப் பார்த்தா எல்லாருக்கும் ராஜாராம் ஞாபகம் வரும். படிச்சது மெக்கானிகல், பார்க்கறது சாஃப்ட்வேர்ங்கறதால எனக்கு சைக்கிள்தான் ஞாபகம் வருது :-)

கறுப்பு ஹெர்குலிஸ் தெரியாத ஊர் ஏது? 1910ல பர்மிங்காம்ல க்ரேன் சகோதரர்கள் ஆரம்பிச்ச கம்பெனி அது. 1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸைத் தொடங்க, ஹெர்குலிஸ் நம்ம வண்டி ஆயிடுச்சு. செஞ்சி பக்கத்து கிராமங்கள்ல அதுல ஏறாத சுமை கிடையாது. கேரியர்ல கடலை மூட்டை, ஹேண்டில்பார்ல பால் கேன், முன் பாரில் பையன்.

இத்தனையையும் திருப்பறது ஒரு சின்னக் குழாய். ஹேண்டில்பாரைத் தாங்கி ஃபோர்க்குக்குள்ள இறங்கற தண்டு, பழைய வண்டிகள்ல பொதுவா 22.2 மி.மீ. கனம். அதோட அடியில நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கும். மேலே போல்ட்டை முறுக்கினா கீழே இருக்கற கூம்பு மேலேறி, தண்டை விரிச்சு ஃபோர்க்கோட இறுக்கிடும். எளிமையான ஏற்பாடு. வில்லங்கமும் அங்கதான். வெட்டு முடியற கூர்மையான மூலையில விரிசல் விடும். இரும்புத் தண்டு ஓரளவு தாங்கும். பழைய ரேஸ் சைக்கிள்களோட அலுமினியத் தண்டு அவ்வளவு பொறுக்காது.

ஏன் மூலையில? 1913லயே இங்கிலீஸ்னு ஒரு கேம்பிரிட்ஜ் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் காட்டிட்டார். தகட்டுல வட்டத் துளை இருந்தா அதன் ஓரத்துல அழுத்தம் சுமார் மூணு மடங்கு. துளையே கீறல் மாதிரி ஒடுங்கி முனை கூர்மையானா, அழுத்தம் எங்கேயோ போயிடும். 1954ல ரெண்டு காமெட் விமானங்கள் வானத்துலயே உடைஞ்சு 56 பேர் செத்ததும் இந்த வகைதான். உடம்புல வெட்டின திறப்புகளோட மூலையில ஆரம்பிச்ச விரிசல். எறும்பு ஊரக் கல்லும் தேயும்னா, இரும்பு எம்மாத்திரம்?

வைத்தியம் வேடிக்கையானது. உலோகத்தைச் சேர்க்கக் கூடாது, எடுக்கணும்! வெட்டு முடியற இடத்துல மூணு, நாலு மி.மீ. அளவுக்கு வட்டமா ஒரு துளை. உருண்டை அரத்தால ஓரத்தை மழுக்கி, எமரி தாள் போட்டுத் தேய்ச்சுடணும். கூர்மை போச்சு, அழுத்தம் பரவிடும். கிரீஸ் தடவி மாட்டுங்க, போல்ட்டை வெறி பிடிச்ச மாதிரி முறுக்காதீங்க. உயரம் வேணும்னு தண்டை ரொம்ப மேலே இழுக்காதீங்க, ரெண்டரை அங்குலமாவது உள்ளே இருக்கட்டும்.

பின்னால சாய்வா வெட்டின ஆப்பு வந்தப்ப அந்த நீள வெட்டுக்கே வேலையில்லாம போச்சு. 1990கள்ல வந்த புது முறையில தண்டு ஃபோர்க்குக்குள்ள இறங்கறதே இல்லை.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. இந்தத் துளை வருமுன் காக்கத்தான். ஏற்கெனவே விரிசல் கண்ணுக்குத் தெரிஞ்சா அந்தத் தண்டு காயலான் கடைக்கு. 2006 பாரிஸ்-ரூபே பந்தயத்துல ஜார்ஜ் ஹின்காபிக்கு ஃபோர்க் குழாய் உடைஞ்சு, ஓடற வண்டியில ஹேண்டில்பார் கையோட வந்துடுச்சு. ஆள் விழுந்து தோள்பட்டை போச்சு. தாத்தா சைக்கிளைத் துடைச்சு பெயிண்ட் அடிச்சு ஓட்டறவங்க, பெயிண்டுக்கு முன்னால அந்தத் தண்டை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்க.