கதிரறுக்கும் மிஷின் பிறந்த பட்டறை

அமெரிக்காவிலே வர்ஜீனியா மாநிலத்தில் வால்நட் குரோவ் என்று ஒரு பண்ணை. பழைய மாவு ஆலையையும் கொல்லுப்பட்டறையையும் இன்றைக்கும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்காங்க. ராபர்ட் மெக்கார்மிக் பல வருஷம் மல்லுக்கட்டியும் அறுவடை மிஷின் சரிப்பட்டு வரலே. 1831-இல் மகன் சைரஸ் ஓட்டிக் காட்டினார். குதிரை இழுக்க, சக்கரம் சுற்றச் சுற்ற, நம்ம கருக்கரிவாள் மாதிரி பல் வைத்த கத்தி பக்கவாட்டிலே இங்கும் அங்கும் ஆடித் தாளை அறுக்கும். சுழலும் கட்டைகள் கதிரைப் பலகைமேலே சாய்க்கும். கூட நடக்கிற ஆள் வாரிக் கீழே தள்ளணும், அவ்வளவுதான். 1834-இல் சைரஸ் பேருக்குக் காப்புரிமை கிடைத்தது. பட்டறையிலே அவரோடு உழைத்த ஜோ ஆண்டர்சன் அந்தக் குடும்பத்தின் அடிமை. காப்புரிமையிலே அவர் பேர் இல்லை.