நாயோடு பார்க்குக்கு போறீங்களா? தாம்பரம் முதல் வண்டலூர் வரை எங்கே போகலாம், எங்கே முடியாது?

ஞாயிற்றுக்கிழமை காலை. பார்க்குக்கு போகணும்னு பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். அவர்களுக்கு முன்னாடியே நாய் வாசலில் போய் நிற்கிறது. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு வாராவாரம் வரும் கேள்வி இது: இதை எங்கே கூட்டிட்டுப் போறது?

நம்ம பக்கம் பச்சைக்கு பஞ்சமில்லை. காடு இருக்கு, சதுப்பு நிலம் இருக்கு, ஏரிக்கரைகள் இருக்கு. ஆனால் அதில் பெரிய இடங்கள் எதுவும் நாயோடு நடப்பதற்கானவை அல்ல.

எங்கெல்லாம் முடியாது?

முதலில் வண்டலூர். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய மிருகக்காட்சி சாலைதான் 1985-ல் 602 ஹெக்டேர் பரப்புள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக இங்கே வந்தது. செல்லப் பிராணிகளுக்கு உள்ளே அனுமதி கிடையாது. 'கார்லயே இருக்கட்டும், ரெண்டு மணி நேரத்துல வந்துடலாம்' என்ற யோசனையும் வேண்டாம். மூடிய கார் வெயிலில் சில நிமிடங்களிலேயே நாயின் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அடுத்து நன்மங்கலம். மேடவாக்கத்தை ஒட்டிய சுமார் 320 ஹெக்டேர் காப்புக்காடு இது. கைவிடப்பட்ட பழைய கல்குவாரிகளின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. பறவை ஆர்வலர்கள் இங்கே வருவதே அதைப் பார்க்கத்தான். காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் மனிதர்களே உள்ளே போகக்கூடாது. நாய்க்கு கேட்கவே வேண்டாம்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி 2021-ல் திறக்கப்பட்ட சூழல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. பறவைகளை தூரத்தில் இருந்து பார்ப்பதற்கான இடம் அது. நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதே சரி.

'என் நாய் யாரையும் ஒண்ணும் பண்ணாது' என்பவர்களுக்கு

பண்ணாமல் இருக்கலாம். ஆனால் ஆட்காட்டி, கௌதாரி, பக்கி போன்ற பறவைகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை, வெறும் தரையில் முட்டையிடுகின்றன. நாய் துரத்தக்கூட வேண்டாம், பக்கத்தில் வந்தாலே தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். நம்ம ஊர் வெயிலில் முட்டை கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலே போச்சு.

இன்னொன்று நோய். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றுக்கு, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது பரிசோதனையில் உறுதியானது. உங்கள் நாய்க்கு வருடா வருடம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் டிஸ்டெம்பரும் அடக்கம். அதை தள்ளிப்போடாதீங்க.

அப்போ தெரு முனை பார்க்?

இங்கேதான் குழப்பம். 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயது சிறுமியைக் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகு உரிமம், கழுத்துக் கயிறு, வாய்மூடி மூன்றையும் சென்னை மாநகராட்சி கடுமையாக வலியுறுத்தத் தொடங்கியது.

மறுபக்கம், இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு மாதிரி பேசுகிறது. குடியிருப்போர் சங்கங்கள் பூங்காவுக்குள் நாய் வரவே கூடாது என்று ஒட்டுமொத்தமாக தடுப்பதை அது ஏற்கவில்லை. நேரம் ஒதுக்கலாம், கயிறு கட்டச் சொல்லலாம் என்கிறது. ஆகவே சங்கம் நடத்தும் பூங்கா என்றால் உட்கார்ந்து பேசி காலை, மாலையில் ஒரு நேரத்தை வாங்குவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். மாநகராட்சிப் பூங்கா என்றால் வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்க.

வாய்மூடி பற்றி எத்தனை வாதம் இருந்தாலும், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு பெரிய நாயோடு போகிறவர் அதைப் போட்டுவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நாய் வாயைத் திறந்து மூச்சுவிடும் கூடை வடிவ வாய்மூடியாகப் பார்த்து வாங்குங்க. துணிப்பட்டை நம்ம வெயிலுக்கு ஆகாது.

சட்டமும் சும்மா இல்லை. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

உரிமம் யாரிடம்?

பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்கள் சென்னை மாநகராட்சிக்குள் வருகின்றன. அங்கே உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என 2025-ல் அறிவித்து, மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் கீழ் வருகிறது. அங்கே இருப்பவர்கள் விசாரிக்க வேண்டியது தாம்பரம் மாநகராட்சி அலுவலகத்தில். எங்கே இருந்தாலும் ரேபிஸ் தடுப்பூசி அட்டையை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

நாய்களுக்கென்றே ஒரு பார்க் வேண்டாமா?

ஐதராபாத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கொண்டாப்பூரில் மாநகராட்சி ஒதுக்கிய 1.3 ஏக்கரில் அந்த நாய்ப் பூங்கா இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் வேலியும், அடுத்தடுத்து இரண்டு கதவும் முக்கியம். ஒன்றை மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்கணும், இல்லாவிட்டால் நாய் ரோட்டுக்கு ஓடிவிடும். சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனித்தனி பகுதி இருந்தால் நல்லது. ஜி.எஸ்.டி. ரோடு போல ஒரு சாலையை ஒட்டி வாழும் நமக்கு இப்படி ஒன்று நியாயமான கோரிக்கைதான்.

போகும்போது கவனிக்க

தார் ரோட்டில் புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்க. உங்களுக்கு சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இந்த மண்ணின் நாய்கள், ஓரளவு தாங்கும். மூக்கு சப்பையான பக் தாங்காது.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீங்க, எலி சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் வரும். புல்லில் புரண்ட நாய்க்கு வீட்டுக்கு வந்ததும் காது மடிப்பு, விரல் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்க.

கடித்துவிட்டால்?

வளர்ப்பு நாயோ தெரு நாயோ, காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவணும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீங்க. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-வது நாள் என நான்கு தவணை. காயம் ஆழம் என்றால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுபவர்கள் நிறைய பேர். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி அநேகமாக இல்லை என்பதால், 28-வது நாள் தேதியை அன்றைக்கே போனில் அலாரமாக வைத்துவிடுங்க.