இசைச் சிகிச்சையும் இயந்திரமும்

என் தமக்கையின் மகனை நம் காலனியில் அறியாதார் இலர். ஒன்பது வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். ரயில் ஊதினால் செவிகளைப் பொத்திக்கொள்வான். ஆட்டிசம் என்பர் மருத்துவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இராகங்கள் பதிந்த கருவியொன்றைக் கொணர்ந்து, நாற்பது நாளில் குணமாகும் என்று கூறிப் பெருந்தொகை பெற்றுச் சென்றார். குணமாகவில்லை. அதன்பின்னரே இப்பொருள் பற்றிப் படிக்கலானேன்.

1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைக் கண்டு இந்நிலையை விரித்தெழுதினார். அவர்களுள் ஒருவன் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிழையின்றிப் பாடியவனாம்!

1959-இல் இங்கிலாந்தில் பால் நார்டாஃப் என்னும் அமெரிக்க இசையமைப்பாளரும், கிளைவ் ராபின்ஸ் என்னும் ஆசிரியரும் ஒன்றுசேர்ந்தனர். முன்னவர் பியானோ வாசிப்பார். பின்னவர் குழந்தையின் அருகிருப்பார். நடப்பன யாவும் ஒலிநாடாவில் பதிவாகும். பின்னர்ப் பிலடெல்பியாவில் ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவன் அவர்களிடம் வீறிட்டழுதான். நார்டாஃப் அவ்வழுகையை அடக்க முயன்றாரில்லை. அதன் சுருதியையே பிடித்து வாசித்துப் பாடினார். சற்று நேரத்தில் அழுகையே பாட்டின் சாயல் பெற்று, அவருக்கு மறுமொழி கூறலாயிற்று. பிறகு இருவரும் நாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, குழந்தை எவ்விடத்தில் விடையிறுத்தது என்று குறித்துக்கொள்வர். இயந்திரத்தால் முதலில் பயன்பெற்றவை பெரியோரின் செவிகளே எனலாம்.

1980-களில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில இசையமைப்பாளர், கையை அசைத்தாலே ஒலி எழுப்பும் சவுண்ட்பீம் கருவியை ஆக்கினார். நடனமாடுவோர்க்கென எழுந்த அது, விரற்பயிற்சியில்லாப் பிள்ளைகளுக்கும் உதவியது.

எனினும் ஆய்வின் தீர்ப்பையும் மறைத்தல் கூடாது. 2017-இல் 9 நாடுகளின் 364 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு வெளியாயிற்று. (அந்நாடுகளுள் இந்தியா இல்லை.) ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பின்னும், குறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்களோ, பொதுவான முன்னேற்றத்துக்கு இடமுண்டு என்றனர். நாற்பது நாளில் குணமென்று இருசாராருமே கூறவில்லை.

நம் வீட்டில் இப்போதிருப்பது மின்சாரச் சுருதிப்பெட்டி ஒன்றே. 1979-இல் பெங்களூரில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் ஜி. ராஜ்நாராயண், தாமே குழலிசைக் கலைஞர். இத்தகைய கருவிகளைப் பரப்பியவர். பெட்டியின் ஒலி மாறாதது, திடுக்கிட வைக்காதது. சிறுவன் அதனருகே அமைதியாக அமர்ந்திருப்பான். அண்மைக்காலமாகத் தானே அதை நிறுத்திவிட்டு என் தமக்கையின் முகத்தை நோக்குகிறான். அவள் ஸட்ஜம் பிடித்தால்தான் மீண்டும் விசையைத் தட்டுகிறான்.