குறட்டைக்கான பல் கருவிகள்

குறட்டையையும், ஸ்லீப் ஆப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடையையும் குறைப்பதற்காக இரவில் வாயில் மாட்டிக்கொண்டு தூங்கும் கருவிகள் இவை. பல் மருத்துவர்கள் ஓரல் அப்ளையன்ஸ் என்பார்கள். போட்டுக்கொள்பவர்கள் ‘க்ளிப்’ என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு பிளேட்டுகள் இருக்கும். ஒன்று மேல்பற்களைக் கவ்வும், மற்றது கீழ்ப்பற்களை. இரண்டையும் இணைக்கும் பட்டையோ திருகோ கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். தாடையோடு நாக்கும் முன்னே வருவதால் அதன் பின்னால் காற்று போக இடம் கிடைக்கிறது.

வீடு சிறுத்து, ஆட்கள் நெருங்கிப் படுக்கும் மும்பையில் இந்தக் கருவிக்கு இப்போதிருப்பதைவிடப் பெரிய இடம் தரப்பட வேண்டும். அதற்கான காரணங்களும், அதே ஊரின் பழக்கவழக்கங்கள் இதற்குப் போடும் முட்டுக்கட்டைகளும் கீழே சொல்லப்படுகின்றன.

நோயும் மும்பைக் கணக்கும்

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக இருந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கின்றன. தூக்கத்தில் அவை தளர்ந்துபோகும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றிய மென்மையான அண்ணமும் பின்னால் சரியும். குறுகிப்போன வழியில் காற்று போகும்போது இந்தச் சதைகள் அதிர்வதால் எழும் சத்தம்தான் குறட்டை. வழி முழுதும் அடைபட்டு 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றுபோனால் அது ஆப்னியா. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை உசுப்பிவிடும், ஆள் திணறி ஒரு மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தூங்கிப்போவார். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பதை ஏ.எச்.ஐ. என்ற எண்ணால் குறிப்பார்கள். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது.

சிகிச்சையின்றி விட்டால் உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும். மும்பையில் அந்த அறிகுறி எளிதில் மறைந்துவிடுகிறது. லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தவுடன் கண் அயர்பவரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் கார் ஓட்டுபவராகவோ இயந்திரத்தின் முன்னால் நிற்பவராகவோ இருந்தால் விஷயம் விபத்தில் போய் முடியலாம்.

இந்தியாவில் இந்த நோயின் அளவை முதலில் கணக்கெடுத்த ஆய்வுகளுள் ஒன்று மும்பையின் தாராவிக்குப் பக்கத்திலேயே நடந்தது. மாகிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் சகாக்களும், வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயதுள்ள 658 ஆண்களிடம் விவரம் கேட்டார்கள். அவர்களில் 250 பேருக்கு வீட்டிலேயே தூக்கப் பரிசோதனை செய்தார்கள். 2004இல் வெளியான முடிவு இது: ஏ.எச்.ஐ. 5 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள் 19.5 சதவீதம், அதோடு பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 சதவீதம். உடல் பருமன், கழுத்துச் சுற்றளவு, சர்க்கரை நோய் மூன்றும் இதோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்ட நடுவயது ஆண்களில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் இரவில் மூச்சுத்தடையோடு தூங்குகிறார் என்பது சாதாரணச் செய்தி அல்ல. ஆனால் இதில் பெண்கள் சேர்க்கப்படவில்லை. பரிசோதனைக்குத் தாமாகவே வரும் வசதியுள்ளவர்களின் கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது.

2022 பிப்ரவரி 15 அன்று இசையமைப்பாளர் பப்பி லாஹிரி மும்பையில் தமது 69ஆம் வயதில் இறந்தபோது, அவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்ததை மருத்துவர்கள் தெரிவித்தார்கள். குறட்டை உயிருக்கு உலை வைக்கும் என்பதைப் பல வீடுகள் அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டன.

ஒற்றை அறையில் மூச்சு இயந்திரம்

நடுத்தரமான, கடுமையான ஆப்னியாவுக்கு முதல் சிகிச்சை சிபேப் இயந்திரம்தான். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் அதை அறிமுகப்படுத்தினார். முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதை மூடாமல் அது காக்கிறது. வாங்கப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல், வாங்கியதை இரவெல்லாம் மாட்டிக்கொண்டு படுப்பது.

தாராவியில் கோலி எனப்படும் ஒற்றை அறைக்குள் தாய் தகப்பன், பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மைத்துனன் என்று எல்லோரும் பாய் போட்டுப் படுக்கிறார்கள். ஏணி வைத்து ஏறும் மேல்தளத்தில் இன்னொரு குடும்பமோ தொழில் பட்டறையோ இருக்கும். அங்கே இயந்திரத்தை எங்கே வைப்பது? அதன் குழாயைத் தாண்டி இரவில் குழந்தை எழுந்து போவது எப்படி? இருக்கும் ஒன்றிரண்டு பிளக்கும் மின்விசிறிக்கும் செல்போனுக்கும் போய்விடும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் செம்பூரின் காலனி வீடுகளிலும் இடம் சற்றுத் தாராளம். ஆனாலும் மருமகள் வந்திருக்கும் வீட்டில் முகமூடியோடு படுக்கக் கூச்சப்படுகிறவர்கள் அங்கும் உண்டு. சட்டைப்பையில் அடங்கும் டப்பாவில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் ரயிலிலும் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கருவியின் அருமை இங்கேதான் தெரியும்.

நெருங்கிப் படுப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. தனி அறையில் தூங்குபவரின் மூச்சு நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒற்றை அறையில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. “என்னங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சே நின்னுபோச்சு, நான் உலுக்கி எழுப்பினேன்” என்று மனைவி சொல்வது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். செல்போனில் அந்தச் சத்தத்தையும் இடையில் வரும் மௌனத்தையும் பதிவு செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது.

தோற்றம்

தாடையை முன்னால் தள்ளி மூச்சுப்பாதையைத் திறக்கும் வழி பழையது. மயக்கத்தில் கிடப்பவரின் கீழ்த்தாடையை விரலால் தூக்கிப் பிடிப்பதை 19ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். ஜெர்மன் ராணுவ மருத்துவர் எஸ்மார்க்கின் பெயரால் அந்தப் பிடி வழங்குகிறது. இன்றும் ஒவ்வொரு மயக்க மருத்துவரும் அன்றாடம் செய்வது அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் வாய் மருத்துவர் பியர் ரோபின், சிறு தாடையோடு பிறந்து நாக்கு பின்னால் விழுந்து திணறும் குழந்தைகளுக்காக மோனோபிளாக் என்ற ஒற்றைத் துண்டுக் கருவியைச் செய்தார். 1982இல் சிகாகோவின் ரோசலிண்ட் கார்ட்ரைட்டும் சாமெல்சனும் நாக்கை மட்டும் உறிஞ்சிப் பிடித்து முன்னால் வைக்கும் கருவியைப் பற்றி எழுதினார்கள். 1984இல் ஜெர்மனியின் மையர்-ஏவர்ட் தாடையை நகர்த்தும் கருவியை ஆப்னியாவுக்குப் பயன்படுத்தி, அதற்கு எஸ்மார்க்கின் பெயரையே வைத்தார். இன்று பல் லேப்களில் தயாராகும் கருவிகள் இந்த மரபில் வந்தவையே.

அளவெடுத்துச் செய்தல்

முதலில் பல் மருத்துவர் பார்ப்பது வாயின் நிலையை. கருவியைத் தாங்க ஒவ்வொரு தாடையிலும் குறைந்தது 8 முதல் 10 உறுதியான பற்கள் வேண்டும். ஈறில் சீழும் பற்களில் ஆட்டமும் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். காதருகே தாடை மூட்டை விரலால் அழுத்தி, வாயைத் திறந்து மூடச் சொல்லி, வலியோ சத்தமோ உண்டா என்று பார்ப்பார்.

பிறகு ஆல்ஜினேட் மாவைக் குழைத்து டிரேயில் நிரப்பி அச்செடுப்பார்கள். புதிய கிளினிக்குகளில் வாய்க்குள் ஸ்கேனரை ஓட்டுகிறார்கள். அடுத்து அளவுகோல் பொறித்த ஒரு சிறு கவையைப் பற்களுக்கிடையே வைத்து, கீழ்த்தாடையை முடிந்தவரை பின்னால் இழுக்கச் சொல்வார்கள்; அடுத்து முடிந்தவரை முன்னால் நீட்டச் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம் பலருக்கு 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் ஏறத்தாழ பாதியில் தொடங்குவது வழக்கம். அந்த நிலையில் மெழுகிலோ சிலிகான் பசையிலோ கடிக்கச் சொல்லிப் பதிவு எடுத்து, அச்சுகளோடு லேபுக்கு அனுப்புவார்கள். லேபில் அக்ரிலிக்கிலோ கடினமான பிளாஸ்டிக் தகட்டிலோ வார்க்கிறார்கள். கணினியில் வடிவமைத்துக் கடைந்தும் அச்சிட்டும் செய்வதும் இப்போது பெருகிவருகிறது.

கருவியைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. பக்கவாட்டுத் திருகை ஒரு சிறு சாவியால் திருப்பி, அல்லது இணைக்கும் பட்டையைச் சற்று நீளம் குறைந்ததாக மாற்றி, ஒரு மில்லிமீட்டரோ அதிலும் குறைவாகவோ வாரக்கணக்கில் முன்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். குறட்டை அடங்கி, பகல் தூக்கம் விட்டு, தாடை வலியும் இல்லாத இடம் ஒவ்வொருவருக்கும் வேறு. அந்த இடத்தைப் பொறுமையாகத் தேடிப் பிடிப்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது.

பலன்

பொதுவாக, இதைப் போட்டுக்கொள்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே வந்துவிடுகிறது. இன்னொரு பங்கினருக்குப் பாதிக்கு மேல் குறைகிறது. மீதிப் பேருக்குப் போதிய பலன் இல்லை. மெலிந்த உடல், சிறிய கழுத்து, உள்வாங்கிய தாடை உள்ளவர்களுக்கும், மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு தடைபடுபவர்களுக்கும் நன்றாக வேலை செய்யும்.

ஏ.எச்.ஐ. எண்ணைக் குறைப்பதில் சிபேப்தான் வலியது; அதில் ஐயமில்லை. ஆனால் சிட்னியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே நோயாளிகளுக்கு ஒரு மாதம் சிபேப்பும் ஒரு மாதம் வாய்க்கருவியும் கொடுத்துப் பார்த்தபோது இரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்றவற்றில் இரண்டும் நெருக்கமான பலனையே தந்தன. காரணம், கருவியை அவர்கள் இரவில் அதிக நேரம் போட்டுக்கொண்டார்கள். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் மேல் இரத்த அழுத்தத்தை சிபேப் சராசரியாக 2.5 புள்ளியும் வாய்க்கருவி 2.1 புள்ளியும் குறைத்ததாகச் சொல்கிறது. பரணில் கிடக்கும் இயந்திரத்தைவிட வாயில் இருக்கும் க்ளிப் மேலானது என்பதற்கு இவை ஆதாரம். அதே 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி, ஆப்னியா இல்லாத வெறும் குறட்டைக்கும், சிபேப்பைத் தாங்க முடியாத ஆப்னியா நோயாளிகளுக்கும் இக்கருவியைப் பரிந்துரைக்கிறது. அளவெடுத்துச் செய்ததாகவும் நகர்த்தி அமைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

மும்பையின் முட்டுக்கட்டைகள்

பாக்கும் புகையிலையும் முதல் தடை. மகாராஷ்டிர அரசு 2012இல் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தும் மெல்லும் பழக்கம் ஒழியவில்லை. ஆண்டுக்கணக்கில் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகி, வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகும். மூன்று விரலை நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையே வைக்க முடிகிறதா என்பது எளிய சோதனை. ஒரு விரலே நுழையாத வாயில் அச்செடுக்கும் டிரேயும் நுழையாது, கருவியும் நுழையாது. இறுகிய வாய் புற்றுநோய்க்கு முன்னோடியும்கூட. அப்படிப்பட்டவர் குறட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வாயை உடனே காட்ட வேண்டும்.

சர்க்கரை நோய் இரண்டாவது. ஆப்னியாவோடு தொடர்புள்ள அதே நோய் ஈறையும் அரித்துப் பற்களை ஆடவிடுவதால், யாருக்குக் கருவி தேவையோ அவருக்கே அதைத் தாங்கும் பற்கள் இல்லாமல் போகின்றன. முழு பல்செட் வைத்திருப்பவர்களுக்கு நாக்கைப் பிடிக்கும் வகைதான் மிச்சம். அதைப் பழகிக்கொள்வது பலருக்குச் சிரமம்.

மூன்றாவது, இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் கருவிகள். அவை பற்களை ஒழுங்காகப் பிடிப்பதில்லை. சரியாக நகர்த்தவும் முடியாது. சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு மூச்சுத்தடையை அப்படியே விட்டுவைப்பது இவற்றின் பெரிய ஆபத்து. வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். கருவியை மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும். தூக்கப் பரிசோதனை செய்யாமல் எந்தக் கருவியையும் மாட்டிக்கொள்வது தவறு.

பக்கவிளைவும் பராமரிப்பும்

முதல் சில வாரம் எச்சில் பெருகும் அல்லது வாய் வறளும், பற்கள் கூசும். காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாதது போலிருக்கும்; சற்று நேரத்தில் சரியாகிவிடும். தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சிறு பயிற்சி சொல்லித் தருவார்கள். ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டால் மேல் முன்பற்கள் லேசாக உள்ளேயும் கீழ் முன்பற்கள் வெளியேயும் சாய்ந்து கடி மாறுவதுண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை. கருவியைக் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி உலரவிட்டு டப்பாவில் வைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.

எங்கே தொடங்குவது

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பக்கத்தில் இருப்பது சயான் மருத்துவமனை; அதன் காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலோ நுரையீரல் பிரிவிலோ முதலில் காட்டலாம். குழந்தைகளின் குறட்டைக்கு இக்கருவி பொதுவாகப் பொருந்தாது. டான்சிலையும் மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டையும்தான் அங்கே பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நோய் உறுதியானபின் மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் பல் மருத்துவக் கல்லூரி, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் செயற்கைப்பல், பல் சீரமைப்புப் பிரிவுகளை அணுகிக் கேட்கலாம். திருகு சரியான இடத்துக்கு வந்ததும் கருவியை வாயில் மாட்டிக்கொண்டே இன்னொரு முறை தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். அப்போதும் ஏ.எச்.ஐ. உயர்ந்தே இருந்தால், குறட்டை நின்றிருந்தாலும் சிபேப்புக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.