2008 சரிவும் ஷரீஅத் பங்குகளும்

2008 செப்டம்பர் 15 அன்று, 158 ஆண்டுகள் பழமை வாய்ந்த லேமன் பிரதர்ஸ் நிறுவனம் நியூயார்க்கில் திவால் மனு அளித்தது. மறுநாள், ஏஐஜி என்னும் காப்பீட்டு நிறுவனம் வீழாதிருக்க அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவித்தது. திருப்பிச் செலுத்த இயலாதவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்த வீட்டுக் கடன்களைப் பத்திரங்களாக்கி விற்று, அவற்றின் மீது மேலும் கடன் வாங்கிய வணிகத்தின் விளைவு அது.

அதன் பின்னர் நம்மவர் பயான்களில் ஒரு கூற்று பரவியது: ஷரீஅத் முறைப்படி தேர்ந்தெடுத்த பங்குகளை அச்சரிவு தீண்டவேயில்லை என்று. அது உண்மையன்று. மார்க்கத்தின் மேன்மையைச் சொல்லவும் மிகைக்கூற்று தேவையில்லை. அதை நம்பிப் பணம் போட்டவர், இழப்பு நேரும்போது பேச்சாளரை அல்ல, மார்க்கத்தையே சந்தேகிப்பார்.

1999இல் தொடங்கிய டவ் ஜோன்ஸ் இஸ்லாமியச் சந்தைக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். வட்டி வங்கி, காப்பீடு, மது, பன்றியிறைச்சி, சூதாட்டம் ஆகிய தொழில்கள் முதலில் விலக்கப்படுகின்றன. பின்னர் கடன் பார்க்கப்படுகிறது. நிறுவனத்தின் கடன், அதன் பங்குகளின் 24 மாதச் சராசரிச் சந்தை மதிப்பில் 33 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்த மூன்றிலொரு பங்கு அளவுக்கு, ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வஸிய்யத் பற்றிய ஹதீஸை அறிஞர்கள் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். மூன்றிலொரு பங்குக்கு அனுமதியளித்த நபி (ஸல்) அவர்கள், அதுவே அதிகம் என்றும் கூறினார்கள். ஆயினும் வஸிய்யத்துக்கான அளவை நிறுவனக் கடனுக்குப் பொருத்துவது இஜ்திஹாத், நேரடிக் கட்டளையன்று. வட்டிக் கடன் சிறிதளவு இருப்பினும் அந்நிறுவனத்தின் பங்கு கூடாது என்போரும் உளர். அவர்களின் பேணுதலை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இனி விளைவைப் பார்ப்போம். 2008இல் அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீடு சுமார் 38 விழுக்காடு சரிந்தது. அதனுள் நிதித்துறைப் பங்குகள் பாதிக்கும் மேல் மதிப்பிழந்தன. வங்கிகளுக்கு இடமளிக்காத இஸ்லாமியக் குறியீடுகள் அந்த அடியிலிருந்து தப்பின. ஆனால் அவற்றில் இருந்த எண்ணெய், கணினி, மருந்து நிறுவனங்களும் பொதுச்சரிவில் சிக்கின. இழப்பு சற்றுக் குறைவு, அவ்வளவே. 2009 மார்ச்சுக்குப் பின் வங்கிப் பங்குகள் வேகமாக மீண்டபோது, அந்த ஏற்றத்தின் பலனும் இக்குறியீடுகளுக்குக் கிட்டவில்லை. வட்டியைத் தவிர்ப்பவர் இலாபக் கணக்குப் பார்த்தா தவிர்க்கிறார்?

பங்குகளை விட்டு ஸுகூக் பத்திரங்களைப் பார்த்தாலும் நிலை இதுவே. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடன்களைச் செலுத்த அவகாசம் கோரியது. அதன் கிளையான நகீல் வெளியிட்டிருந்த 350 கோடி டாலர் ஸுகூக்குக்கு டிசம்பர் 14 தவணை நாள். கடலில் மண் கொட்டித் தீவுகள் எழுப்பிய நிறுவனம் அது. நில விலை விழுந்தபோது, ஸுகூக் என்ற பெயர் அதைக் காக்கவில்லை. தவணை நாளன்று அபுதாபி 1,000 கோடி டாலர் வழங்கிய பிறகே முதலீட்டாளர்களின் பணம் திரும்பியது.