பாதாளக் கரண்டியும் செம்புக் கம்பியும்

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீட்டுக் கிணறுகளுக்கு ஒரே ஒரு பாதாளக் கரண்டிதான் இருந்தது. அது என் பாட்டி வீட்டுத் திண்ணை உத்திரத்தில் தொங்கும். இரும்பு வளையத்தில் கொத்தாகக் கொக்கிகள் கோத்த சாமான். வாளியோ குடமோ கிணற்றில் விழுந்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாராவது ஒரு செம்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். செம்பை வைத்துவிட்டுக் கரண்டியை வாங்கிப் போக வேண்டும். கரண்டி திரும்பினால் செம்பு திரும்பும். கூலி கிடையாது. "இது ஒரு வீட்டுச் சாமான் இல்லடா, தெருச் சாமான்" என்பாள் பாட்டி.

கொக்கியில் மாட்டுவதற்கு வாளிக்குக் காது இருக்கிறது. மோதிரத்துக்கும் மூக்குத்திக்கும் இல்லை. அவை விழுந்தால் மூழ்கத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சேற்றை அள்ளிக் கொண்டுவந்து கரையில் அலசுவார்கள். கிணற்றில் அது முடியும். ஓடுகிற ஆற்றில் என்ன செய்வது?

மயிலாடுதுறையில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் குளிப்பவர்கள், அதன் கடைசி நாளான கடைமுகத்தன்று திரளும் கூட்டம், ஆடிப்பெருக்கில் தாலிச் சரடு மாற்றும் பெண்கள், பாலத்தைக் கடக்கையில் காசு எறிகிறவர்கள் என்று காவிரி வாங்கிக்கொண்ட உலோகத்துக்குக் கணக்கே இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது பையன்கள் வெறுங்கையால் துழாவிக் காசு எடுப்பார்கள். அன்றைய அலுமினியக் காசு காந்தத்தில் ஒட்டாது. 1988க்குப் பிறகு எஃகு நாணயங்கள் வரத் தொடங்கியதும் கயிற்றில் காந்தம் கட்டி இழுக்கிற வழக்கம் வந்தது. ஆனால் காந்தத்துக்குத் தங்கமும் தெரியாது, வெள்ளியும் தெரியாது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிப்பெருக்கில், பழைய சரட்டிலிருந்து புதுச் சரட்டுக்கு மாற்றும்போது என் அக்காவின் தாலியில் கோத்திருந்த தங்கக் காசு நழுவி இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தது. "நீதான் ரேடியோவெல்லாம் பண்றியே, இதுக்கு ஒரு மிஷின் கிடையாதாடா?" என்று கேட்டாள். 1974இலிருந்து வால்வு ரேடியோவும் ட்ரான்சிஸ்டரும் பழுது பார்த்த கை என்னுடையது. அந்த இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன், இந்தக் கருவியின் பழைய கதைக்குள் போய் விழுந்தேன்.

முதல் கதையே ஓர் உயிரைக் காப்பாற்ற எடுத்த முயற்சி. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல், டேவிட் ஹியூஸ் அமைத்திருந்த தூண்டல் தராசின் வழியில் கம்பிச் சுருள்களை வைத்து ஒரு கருவி செய்து எடுத்துப் போனார். ஒரு சுருளில் ஓடும் மின்சாரம் இன்னொன்றில் ஒலி எழுப்பாதபடி சமன் செய்துவைத்தால், பக்கத்தில் உலோகம் வரும்போது அந்தச் சமன் கெட்டுக் காதில் ஒலி கேட்கும். கருவி நல்ல கருவிதான். ஆனால் படுக்கைக்குள் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்தன. மருத்துவர் வலப்பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இடப்பக்கம் கிடந்தது. செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்தார். தேடுகிற பொருளைவிடச் சுற்றியுள்ள பொருள்தான் முதலில் பேசும் என்பது பெல் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

அறுபது ஆண்டு கழித்து, இரண்டாம் உலகப் போரின்போது, நாட்டை இழந்து ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேடும் கருவியைச் செய்தார். ஏறக்குறைய 14 கிலோ. ஓர் ஆள் சுமந்து நடக்கலாம். 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் பாலைவனத்தில் 500 கருவிகள் இறங்கின. மணிக்கு 100 சதுர மீட்டர் அளவில் வெடி அகற்றிக்கொண்டிருந்த படை 200 சதுர மீட்டர் அகற்றியது. கொசாட்ஸ்கி அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை; பிரிட்டிஷ் படைக்கு அப்படியே கொடுத்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் திண்ணை உத்திரம் நினைவுக்கு வந்தது.

போர் முடிந்ததும் அந்த வகைக் கருவிகள் உபரிச் சரக்காகக் கடைக்கு வந்தன. ஃப்ளோரிடாவில் வீடு கட்டும் தொழில் செய்த கிப் வாக்னர் 15 டாலருக்கு ஒன்று வாங்கினார். 1715இல் புயலில் சிக்கி ஸ்பெயினின் 11 கப்பல்கள் மூழ்கிய கரை அது. அங்கே மணலில் கறுத்த வெள்ளிக் காசுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர், அந்தக் கப்பல்களிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் தங்கிய இடத்தையே அந்தக் கருவியால் கண்டுபிடித்தார். பிறகு புதையல் தேட அவரோடு சேர்ந்த மெல் ஃபிஷரின் குழுவில் இருந்த ஃபே ஃபீல்டு, கடலுக்கடியில் கிடக்கும் பீரங்கி, நங்கூரம் போன்ற இரும்பை உணரும் காந்தமானியைத் தானே வடிவமைத்தார். ஆக, நீருக்கடியில் உலோகம் தேடும் வேலை வளர்ந்தது பெரிய தொழிற்சாலைகளில் மட்டுமல்ல. வீட்டுப் பட்டறை மேசைகளிலும்தான்.

உப்புத் தண்ணீர் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், சாதாரணக் கருவி கடலையே உலோகம் என்று நினைத்துக் கத்தும். இதற்கு விடை துடிப்பு முறை. அது 1960களில் ஆக்ஸ்ஃபோர்டின் தொல்லியல் ஆய்வுக்கூடத்திலும் வளர்ந்தது. காயிலுக்கு நொடிக்குச் சில நூறு முறை மின்சாரத்தைக் கொடுத்துச் சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் சுற்றிலும் சுழல்மின்சாரம் எழும். உப்புத் தண்ணீரில் எழுவது சில மைக்ரோ நொடிகளில் செத்துவிடும். உலோகத்தில் எழுவது இன்னும் சற்று நேரம் உயிரோடு இருக்கும். பதினைந்து மைக்ரோ நொடி பொறுத்திருந்து கேட்டால் கடல் பேசி ஓய்ந்திருக்கும், மோதிரம் பேசிக்கொண்டிருக்கும்.

இதே துடிப்பு முறையில் செய்த என் கருவிக்கு 25 செ.மீ. வளையத்தில் 25 சுற்று எனாமல் பூசிய செம்புக் கம்பி சுற்றினேன். ஒரு 555 ஐசி, ஒரு மாஸ்ஃபெட், 12 வோல்ட் பேட்டரி. சர்க்யூட் இரண்டு நாளில் முடிந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் காப்பதற்கு இரண்டரை மாதம் பிடித்தது.

முதலில் நாலங்குல பிவிசி குழாயில், ஓரடி நீளத்துக்குப் பெட்டி செய்தேன். அது ஏறக்குறைய இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரை விலக்கும். உள்ளே இருந்தது ஒரு கிலோதான். மேலே மேலே மிதந்து வந்தது. அழுத்திப் பிடித்தே கை ஓய்ந்தது. மார்பளவுத் தண்ணீரில்கூட அந்த மூடியின் மேல் பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் ஏறும் என்பதைக் கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன். அடுத்தது அதைவிடக் கொடியது. நடுப்பகல் வெயிலில் மூடியைத் திருகிவிட்டு ஆற்றில் இறங்கினேன். உள்ளே இருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கி, ஓ-ரிங் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிட்டது. போர்டு நனைந்து கருவி செத்தது. அக்காவின் காசைத் தேடிய முதல் நாள் அப்படித்தான் முடிந்தது.

அதன் பிறகு இரண்டங்குலக் குழாய்க்கு மாறினேன். மிதக்காமலிருக்க உள்ளே மணல் பை. காயில் முழுக்க அரால்டைட் ஊற்றிக் காற்றுக்குமிழி இல்லாமல் கெட்டியாக்கினேன். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பசை செம்பை அரிக்கும், அதைத் தொடவில்லை. சுவிட்சுக்குத் துளை போடாமல் உள்ளே ரீட் சுவிட்ச் வைத்து, வெளியே ஒரு சிறு காந்தத்தைத் தள்ளி ஓட வைத்தேன். மூடுவது எப்போதும் அதிகாலையில், நிழலில். ஒவ்வொரு முறையும் முதலில் காலிப் பெட்டிக்குள் காகிதத்தை வைத்து இரவு முழுக்கத் தொட்டியில் அமுக்கி, காலையில் காகிதம் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மணலைப் போல ஏழு மடங்கு அடர்த்தி தங்கத்துக்கு. ஆறு அசைக்க அசைக்க அது கீழே இறங்கிக்கொண்டே போகும். என் கருவிக்கு ஒரு சாண் ஆழம்வரைதான் கேட்கும். அக்காவின் காசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கடைமுகத்துக்கு மறுநாள், அடுத்த தெருப் பெண் ஒருத்தி தொலைத்த மோதிரம் முப்பது ஆணிகளுக்கும் சோடா மூடிகளுக்கும் பிறகு கிடைத்தது. அதை அவள் கையில் கொடுக்கும்போது என் அக்கா பக்கத்தில் நின்றாள். "போதும்டா, உன் மிஷின் வேலை செய்யுது" என்றாள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் பூம்புகார். அங்கே கடலில் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடந்த கப்பலிலிருந்து, 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக் கட்டிகளைக் கடல் தொல்லியலாளர்கள் எடுத்தார்கள். அந்தக் கட்டிகள் கிடந்த இடமும் கிடந்த விதமும் பதிவானதால்தான் அவை வரலாறு. யாரோ தோண்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தால் வெறும் ஈயம். 1878இன் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இந்தக் கருவியைக் கையில் எடுக்கிறவர் இந்தச் சட்டத்தையும் கையோடு எடுக்க வேண்டும். நேற்றுத் தொலைந்தது தொலைத்தவருக்கு. முன்னோர் விட்டது எல்லோருக்கும்.

எங்கள் தெருவில் இப்போது கிணறுகள் இல்லை. பாட்டியின் பாதாளக் கரண்டி துருப்பிடித்து, இரண்டு கொக்கிகள் உதிர்ந்து அதே உத்திரத்தில் தொங்குகிறது. அதன் பக்கத்தில்தான் என் கருவியும் தொங்குகிறது. ஆற்றில் எதையாவது தொலைத்தவர்கள் வந்து வாங்கிப் போகலாம். கூலி கிடையாது. ஒரு செம்பை வைத்துவிட்டுப் போனால் போதும்.