கல்பாத்தி முதல் வட்டவடை வரை

மேற்குமலை நெடுஞ்சுவர் போல் நிற்க, அச்சுவரில் இயற்கை திறந்து வைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். அவ்வழியே தமிழ்க்குடிகள் பல காலங்களிற் சேரநாடு புகுந்தன. வேதம் ஓதுவாரும் வந்தனர். உழுவாரும் விற்பாரும் வந்தனர். பானையும் பாயும் சுமந்து வந்தவர், தத்தம் சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்தனர்.

வைக்கம் என்றதும் தமிழர் நெஞ்சு நிமிர்கின்றது. 1924 மார்ச்சு 30-இல் தொடங்கிய அவ்வறப்போருக்கு ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சென்றார், இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். பிறர் தெருவைத் திறக்கத் தமிழர் சென்ற பெருமை அது. ஆனால் அதே ஆண்டில், மலையாள மண்ணில், தமிழர் தெருவொன்று பிறருக்கு அடைபட்டுக் கிடந்ததை எடுத்துரைப்பார் அரியர்.

அத்தெரு கல்பாத்தி. பாலக்காடு அந்நாளிற் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயிலைச் சூழ்ந்த கல்பாத்தி, தமிழ் பேசும் அந்தணரின் அக்கிரகாரம். அதன் ஐப்பசித் தேர் பேர்பெற்றது. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுவழியில் எவ்வகுப்பார் நடப்பதற்கும் தடையில்லை என்பது அதன் சாரம். சபை நிறைவேற்றியது, அரசும் ஆணை பிறப்பித்தது. நவம்பரில் தேர் வந்தது. ஆணையை நம்பி வீதியிற் கால்வைத்த ஈழவர் தாக்கப்பட்டனர். அரசு என் செய்தது? அமைதி கெடும் என்று கூறி, ஈழவர் அங்குச் செல்வதற்கே தடை விதித்தது. அடித்தவர் திண்ணையில் இருக்க, அடிபட்டவருக்குத் தடையுத்தரவு!

இத்தனைக்கும், கிறித்தவரும் முகமதியரும் நடந்து சென்ற வீதி அது. ஆகவே ஈழவர் சிலர் ஆரிய சமாசத்திற் சேர்ந்து, புதுப் பெயர் பூண்டு, அவ்வீதியில் நடக்க முற்பட்டனர். கால் அதே கால்தான். அதற்கு வேறொரு பெயர் வேண்டியிருந்தது.

இம்மலரைப் படிப்போருள் அவ்வீதியிற் பிறந்தாரும் உளர். அவர்தம் பாட்டனாரைப் பழிப்பது என் கருத்தன்று. வழி மறித்தவர் தம்மைக் கொடியவர் என்று எண்ணியிருக்க மாட்டார்; வழக்கத்தைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். மேலிருப்பவனுக்குத் தன் உயரம் உயரமாகத் தோன்றுவதில்லை, சமநிலமாகவே தோன்றுகின்றது. கீழிருப்பவனுக்கோ அது நாள்தோறும் கழுத்து வலி.

தீண்டாமையை அரசியல் சட்டம் 1950-இல் ஒழித்தது. கடையிற் பொருள் தர மறுப்பதும், பணி செய்ய மறுப்பதும் குற்றமென 1955-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. தெரு திறந்தது, தேநீர்க் குவளை திறக்கவில்லை. 2017-இல், பாலக்காட்டு எல்லையில் முதலமடையை அடுத்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி மக்கள், தேநீர்க் கடையில் தமக்குத் தனிக்குவளை என்று முறையிட்டனர். அவர் அருந்ததியர், கேரளப் பட்டியலிற் சக்கிலியர் எனப்படுவோர்.

மலைமேல் தேவிகுளம் வட்டத்திற்கு வருவோம். 1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ துரை பெற்ற கண்ணன் தேவன் மலைகளில், கங்காணிமார் அழைத்து வந்த ஏழைத் தமிழர் தேயிலை வளர்த்தனர். துரைக்குப் பங்களா, தொழிலாளிக்கு லயம். துரைமார் போயினர், லயம் போகவில்லை. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. விமானத்தில் மாண்டார் குடும்பத்துக்கு 10 இலட்சமும், லயத்தில் மாண்டார் குடும்பத்துக்கு 5 இலட்சமும் மாநில அரசு அறிவித்தது. தமிழர் உயிருக்குப் பாதி விலையோ என்ற வினா எழுந்தது. எழுந்தது முறையே, நாமும் அன்று மனம் கொதித்தோம்.

ஒரு திங்கள் கழிந்தது. அதே வட்டம், வட்டவடை என்னும் ஊர். காய்கறிக்கும் பூண்டுக்கும் பெயர்போன இம்மலையூரின் பேச்சு தமிழே; முடிதிருத்துவோனும் தமிழன், முடி வளர்ந்தவனும் தமிழன். ஆயினும் சக்கிலியர் தலையை அவ்வூர்க் கத்தரிக்கோல் தீண்டாது. முடி வெட்ட அவர் மலையிறங்கி வேற்றூர் செல்வது தலைமுறை வழக்கம். இதை எதிர்த்து முறையீடு எழுந்தது. சாதி பார்க்கும் கடை வேண்டா என்று கிராம ஊராட்சி தலையிட, கடைகள் மூடப்பட்டன. கடையை இழந்தாலும் இழப்போம், அத்தலையைத் தொடோம் என்றிருந்தாரும் உண்டு! இறுதியில் 2020 செப்டம்பரில் ஊராட்சியே பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. சட்டமன்ற உறுப்பினர் இராசேந்திரன் வந்து திறந்து வைத்தார். வைக்கம் போர் தொடங்கித் தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழிந்தபின், வட்டவடைச் சக்கிலியர் தம் ஊரிலேயே கண்ணாடிமுன் நாற்காலியில் அமர்ந்து முடி வெட்டிக்கொண்டனர்.